கடுகுப் பாசி

அன்று பந்தலுக்குள் இருந்தவர்கள் இரண்டு பேர்: மச்சானும் அம்மாவும். அக்கா அவிநாசியில் பனியன் கம்பெனியில் செக்கிங் மேசை முன்னால் நின்றுகொண்டிருந்தாள். நான் சரவணம்பட்டியில் ஏழாவது மாடியில், ஏசிக் குளிரில், யாருக்கோ கம்ப்யூட்டர் திறக்கவில்லை என்ற புகாரைக் கேட்டுக்கொண்டிருந்தேன். வாரம் தவறாமல் செடி எடுக்க வரும் உக்கடத்து பாய், வருவதை நிறுத்தி ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. எங்கள் மூன்று பேரில் ஒருவர் அங்கே இருந்திருந்தால் இப்படி ஆகியிருக்காது என்று பிறகு ஆளாளுக்குச் சொன்னோம். இருந்திருந்தாலும் இப்படித்தான் ஆகியிருக்கும் என்று எனக்குத் தோன்றுவதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

பந்தல் என்றால் கல்யாணப் பந்தல் இல்லை. அவிநாசிக்கு உள்ளடங்கி இருக்கும் அக்கா வீட்டின் பின்புறம், இரும்புக் குழாய்களை நட்டு, மேலேயும் நாலு பக்கமும் பச்சை நிழல்வலை கட்டிய இடம். உள்ளே சிமெண்ட் தொட்டிகளும், பாதியாக அறுத்த நீல டிரம்களும் வரிசையாக இருந்தன. அவற்றில் மீன் வளர்க்கவில்லை. வீடுகளிலும் அலுவலகங்களிலும் கண்ணாடித் தொட்டிக்குள் காடு போலச் செடி நட்டு மீன் விடுகிறார்களே, அந்தச் செடிகளை வளர்த்தோம். தண்ணீருக்கு அடியில் வளரும் செடிகள். அது மச்சானின் தொழில். நுரையீரலைக் காப்பாற்றிக்கொள்ள அவருக்கு மிச்சம் இருந்த ஒரே தொழில் என்றும் சொல்லலாம்.

மச்சான் மீசை முளைத்த வயதிலிருந்து கணபதிப் பக்கம் ஒரு ஃபவுண்டரியில் இரும்பை ஊற்ற மணலில் அச்சுப் பிடித்தவர். வேலை முடிந்து வந்து மூக்கைச் சிந்தினால் கறுப்பாக வரும். "வெள்ளையா வந்தா அவன் அன்னைக்கு ஓபி அடிச்சான்னு அர்த்தம்" என்று சிரிப்பார். அந்தச் சிரிப்பு இருமலில் முடிய ஆரம்பித்தபோது யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. படி ஏற முடியாமல் பாதியில் உட்கார்ந்தபோதுதான் அக்கா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். நானும் போனேன், பேசுவதற்கு. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போய்ப் படித்து முடித்த முதல் ஆள் நான். ஆஸ்பத்திரி, பேங்க், தாலுகா ஆபீஸ் எங்கே போனாலும் பேச வேண்டியவன் நான்தான்.

டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். "மணல் தூசி உள்ள போய் உட்காந்திருக்குது. போனத எடுக்க முடியாது. இனிமே போகாம பாத்துக்கலாம். நெஞ்ச அரிக்கிற மாதிரி எதுவும், தூசியோ புகையோ, இவர் பக்கத்துல வரக் கூடாது. இன்னொரு அடி தாங்காது."

அதன்பிறகு அக்கா தண்ணீர் தெளிக்காமல் வாசல் கூட்டியதில்லை. அவர் குளிக்கப் போகும் நேரம் பார்த்துப் படுக்கையை உதறுவாள். சாம்பிராணி நின்றது. மச்சான் வேலையை விட்டுவிட்டு வாசலில் கட்டில் போட்டுப் படுத்திருந்தார். ஊரில் கேட்டவர்களுக்கெல்லாம், "லீவுங்க" என்றார்.

என் அறையில் அப்போது ஒரு செடித் தொட்டி வைத்திருந்தேன். சம்பளம் வாங்கி, தேவையில்லை என்று தெரிந்தே வாங்கிய முதல் பொருள் அது. செடியைக் கிள்ளிக் கிள்ளி, அதிகமானதை விற்றபோது கடைக்காரர்கள் இன்னும் இருக்கிறதா என்று கேட்டார்கள். வெயிலும் மண்ணும் தூசியும் இல்லாத ஒரு விவசாயம் இருக்கிறது என்று அப்போதுதான் மச்சானிடம் சொன்னேன். அவர் அந்தச் செடியைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏனுங்க காலேஜு, இதையெல்லாமா காசு குடுத்து வாங்குவாங்க? வாய்க்கால்ல கெடக்குறதாட்ட இருக்குது."

என்னை அவர் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. காலேஜில் சேர்ந்த அன்றிலிருந்து 'காலேஜு'தான். கிண்டல்தான், ஆனாலும் மற்றவர்கள் முன்னால் சொல்லும்போது அதில் கொஞ்சம் பெருமையும் இருக்கும்.

அச்சுப் பிடித்த கை அது. மணலில் ஒரு விரல் அழுத்தம் கூடினாலும் வார்ப்பு கெட்டுவிடும் என்று பழகிய கை. செடியின் கிழங்கைக் கல்லோடு சேர்த்து நூலால் கட்டுவதை நான் ஒரு முறை காட்டினேன். மறுவாரம் அவர் கட்டியது என்னுடையதைவிட நன்றாக இருந்தது. உக்கடத்தில் வண்ண மீன் கடை வைத்திருக்கும் பாய் வந்து பார்த்துவிட்டு, "பாலக்காட்டுக்கும் நானே அனுப்பிக்கறேன், வேற யாருக்கும் குடுத்துராதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த மழைக்காலம் முடிவதற்குள் மச்சானின் இருமல் பாதியாகக் குறைந்தது. ஒருநாள் அக்கா போனில் வேறெதையோ பேசிக்கொண்டிருந்தவள் நடுவில் சொன்னாள்: "தம்பி, அவிங்க இப்பத்தான் படுத்துட்டுத் தூங்கறாங்க. இத்தன நாளா உக்காந்துட்டேதான் தூங்குனாங்க, உனக்குத் தெரியுமா?"

எனக்குத் தெரியாது.

அந்தப் பச்சையை முதலில் பார்த்தது மச்சான்தான். ஒரு டிரம்மின் ஓரத்தில், தண்ணீர் மேல், கடுகளவில் நாலைந்து புள்ளிகள். போனில் படம் எடுத்து எனக்கு அனுப்பிவிட்டு, "இது நாம போடாத செடியாச்சுங்களே" என்றார். கடைக்காரர்கள் அதை 'டக்வீட்' என்பார்கள். அம்மா பார்த்தவுடன் 'கடுகுப் பாசி' என்றாள். எங்கள் வீட்டில் அந்தப் பேரே நிலைத்தது.

எங்கிருந்து வந்தது என்று இன்றுவரை தெரியாது. பெங்களூரிலிருந்து வாங்கிய தாய்ச்செடியின் இலைக்கு அடியில் ஒட்டிக்கொண்டு வந்திருக்கலாம். கொக்கின் காலில் வந்திருக்கலாம். அதற்கு வேர் மண்ணில் பிடிக்க வேண்டாம், விதை விழ வேண்டாம். ஒன்று இரண்டாகும், இரண்டு நாலாகும். நாலு நாள் கவனிக்காமல் விட்டால் தண்ணீர் தெரியாது. மேலே பச்சை மூடிவிட்டால் வெளிச்சம் இறங்காமல் அடியிலிருக்கும் நல்ல செடி அழுகும். அதைக்கூடச் சமாளிக்கலாம். விற்ற செடியோடு ஒரே ஒரு புள்ளி ஒட்டிக்கொண்டு போனால், வாங்கியவர் வீட்டுத் தொட்டியும் மூடிவிடும். இது இருக்கிற பண்ணையில் எந்தக் கடைக்காரரும் செடி எடுக்க மாட்டார்.

நான் இதைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். படித்துவிட்டுச் செய்தால் எதுவும் தப்பாது என்பது என் நம்பிக்கை. அந்த நம்பிக்கையில்தான் நான் இவ்வளவு தூரம் வந்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை போய் எல்லோரையும் உட்கார வைத்துச் சொன்னேன். ஒவ்வொரு தொட்டிக்கும் தண்ணீர் மொள்ளத் தனி மக்கு, தனி வலை. ஒன்றை இன்னொன்றில் விடக் கூடாது. அள்ளிய பாசியைத் தார் ரோட்டில் வெயிலில் காயப் போட வேண்டும். பாசி இருக்கிற தொட்டியில் மாற்றுகிற தண்ணீரைத் தூரமாகக் கொண்டுபோய் மண்ணில் ஊற்றிவிட வேண்டும்.

"மண்ணுலயா?" என்றாள் அம்மா.

"மண்ணுலதான்."

மச்சான் அப்படியே செய்தார். கவிழ்த்த கடகால் வாளியின் மேல் உட்கார்ந்துகொண்டு, டீ வடிகட்டியால் தொட்டியின் ஓரத்தைத் துழாவித் துழாவி எடுப்பார். கோழிக்குப் போட்டால் நன்றாகத் தின்னும் என்று அக்கா சொன்னதற்கும் ஒத்துக்கொள்ளவில்லை. "கோழி கால்ல ஒட்டிட்டு மறுக்கா உள்ள வருமுங்க அம்மிணி. ஒண்ணே ஒண்ணு போதும் அதுக்கு, குட்டி போட்டுரும். உங்க தம்பி சொல்லியிருக்கறாரல்லோ." காற்றில்லாத மத்தியானங்களில் பாசி அசையாமல் நிற்கும், அப்போது எடுப்பது சுலபம் என்று அவரே கண்டுபிடித்தார். ஒரு தொட்டி சுத்தமாகும். சுத்தமான தொட்டி முன்னால் என்னை நிற்க வைத்துப் போனில் படம் எடுப்பார். அடுத்த வாரம், பாசியே பார்த்திராத வேறொரு தொட்டியில் பச்சை நிற்கும்.

தவளை என்று நினைத்தோம். தவளை வராமல் அடியில் செங்கல் வைத்தோம். காற்று என்று நினைத்து வலையை இழுத்துக் கட்டினோம்.

ஒரு ஞாயிறு நான் வழக்கத்தைவிடச் சீக்கிரம் போய்விட்டேன். மச்சான் இன்னும் எழுந்திருக்கவில்லை. பந்தலுக்குள் அம்மா, பாசி பிடித்த டிரம்மிலிருந்து கடகாலில் தண்ணீரை மொண்டு, பக்கத்துத் தொட்டிக்குக் கொண்டுபோனாள். முந்தானையைத் தொட்டியின் வாய்க்கு மேல் விரித்துப் பிடித்து, அதன் வழியாக ஊற்றினாள். துணியில் பச்சை தங்கியது. அதை உதறி எறிந்துவிட்டு, முந்தானையை அந்த நல்ல தொட்டியிலேயே அலசிப் பிழிந்தாள்.

நான் கத்திவிட்டேன். "என்னம்மா பண்ற?"

அவள் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். "வந்துட்டியா கண்ணு? சத்தம் போடாத, மாப்பிள்ளைங்க தூங்கறாங்க."

"அந்தத் தண்ணிய எதுக்கு இதுல ஊத்துன?"

"நல்லாத்தான சாமி இருக்குது தண்ணி? சீலையில வடிகட்டித்தான் ஊத்துனேன். ஒண்ணுகூட உள்ள போகுல."

"சீலைய இதுலயே அலசுனியே!"

அம்மாவுக்குப் புரியவில்லை. புரிந்தபோது கையிலிருந்த முந்தானையைப் பார்த்தாள்.

அந்தத் தண்ணீர் எங்களுக்குச் சும்மா வந்ததில்லை. போரில் வருவது உப்புத் தண்ணீர். அதில் இந்தச் செடிகள் வராது. நல்ல தண்ணீரை லாரியில் வாங்கித்தான் கலந்துகொண்டிருந்தோம். அம்மாவுக்கு அது லாரித் தண்ணீர்கூட இல்லை, மருமகன் காசில் வாங்கின தண்ணீர். பெண்ணைக் கட்டிக்கொடுத்த வீட்டில் கை நனைக்கவே யோசிக்கிற சனம் எங்களுடையது. அப்பா போனபிறகு, மச்சானுக்கு நெஞ்சு கெட்டதால் கூடமாட இருக்கலாம் என்று வந்தவள்தான் அம்மா. "மருமகன் ஊட்டுச் சோறு ருசி கண்டுட்டாங்களாட்ட" என்று ஒறம்பரைப் பெண் ஒருத்தி, எங்கள் சொந்தக்காரிதான், சொன்னது அவள் காதுக்கு வந்திருந்தது. அன்றிலிருந்து எல்லோரும் சாப்பிட்ட பிறகு சட்டியில் ஒட்டியதைத்தான் சாப்பிட்டாள். தலைக்கு எண்ணெய் வைப்பதைக்கூடக் குறைத்துக்கொண்டாள். அப்படிப்பட்டவளிடம், கடகால் கடகாலாகத் தண்ணீரை மண்ணில் ஊற்று என்று நான் சொல்லியிருந்தேன்.

சத்தம் கேட்டு மச்சான் எழுந்து வந்தார். நான் நிறுத்தவில்லை. எத்தனை தடவை சொன்னேன், ஒரு மாத வேலை போச்சு, எல்லாத் தொட்டிக்கும் நீயேதான் பரப்பி வைத்திருக்கிறாய் என்று சொல்லிக்கொண்டே போனேன். அம்மா ஈர முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டாள். கடைசியில், "படிச்சவன் சொன்னா செரியாத்தான் இருக்கும். எனக்கென்ன தெரியுது" என்றாள்.

"உடுங்க காலேஜு" என்றார் மச்சான். "அத்தை என்ன வேணும்னா செஞ்சாங்க? என்ற காசு மிச்சமாகட்டும்னு செஞ்சிருக்கறாங்க. போங்க, போய்க் காப்பி குடிங்க." பிறகு அம்மாவிடம் திரும்பி, "அத்தை, சீலையில வடிகட்டறதுக்கு நீங்க டீக்கடைதான் வெச்சிருக்கோணும்" என்றார். அம்மா சிரிக்க முயன்றாள்.

அதற்குப் பிறகு அம்மா சொன்னபடி செய்தாள். தண்ணீரைத் தூக்கிக்கொண்டு வேலி ஓரம் போய் மண்ணில் ஊற்றினாள். ஊற்றும்போது முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்வாள். நான் அதைக் கவனித்தேன். மச்சானும் கவனித்தார் என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

ஆனால் அதற்குள் எல்லாத் தொட்டியிலும் பாசி இருந்தது, அனுப்பிய செடியோடும் போயிருந்தது. செடி எடுக்க வருவதைச் சில வாரங்களாக நிறுத்தியிருந்த பாய், ஒருநாள் நேரில் வந்தார். வண்டியை வெளியிலேயே நிறுத்திவிட்டு, எப்போதும் கொண்டுவரும் செடிப் பெட்டிகள் இல்லாமல் கையை வீசிக்கொண்டு வந்தார். அக்கா காப்பி கொடுத்தாள். குடித்து முடிக்கும்வரை வெயிலைப் பற்றியே பேசினார்.

"தப்பா எடுத்துக்காதீங்க" என்றார் பிறகு. "என் கடையில ஒரு தொட்டி பாக்கி இல்ல. பூராப் பச்சை. பாலக்காட்டுக்காரர் போன் பண்ணி, பாய், நான் செடி கேட்டேன், நீங்க புல்வெளி அனுப்பியிருக்கீங்கன்னு கேக்கறாரு. என்ன பதில் சொல்றது சொல்லுங்க."

"நம்முளுதுல இருந்துதான் வந்துச்சுங்களா?" என்று மச்சான் கேட்டார். பதில் தெரிந்தே கேட்டார்.

"உங்களத் தவிர நான் யாருகிட்ட எடுக்கறேன்?" பாய் டம்ளரைக் கீழே வைத்தார். "ஒண்ணும் அவசரமில்ல. எல்லாத்தையும் காலி பண்ணுங்க, தொட்டிய நல்லாத் தேய்ங்க, மறுபடி ஆரம்பிங்க. சுத்தமாயிருச்சுன்னு ஒரு போன் போடுங்க, மறுநாளே வண்டி வரும். இன்ஷா அல்லாஹ்."

அவர் போனபிறகு மச்சான் வாசல் கட்டிலில் போய் உட்கார்ந்தார். "ஃபவுண்டரியில பழைய சூப்பர்வைசரே இருக்கறாருங்க. கேட்டா எடுத்துக்குவாரு" என்றார், யாரையும் பார்க்காமல். அக்கா உள்ளேயிருந்து, "அந்தப் பக்கம் காலெடுத்து வெச்சீங்கன்னா நான் எங்காயா ஊட்டுக்குப் போயிருவேன்" என்றாள். "ஆயாதான் இங்கயே இருக்கறாங்களே, எங்க போவீங்க?" என்று அம்மாவைக் காட்டிக் கேட்டார் அவர். அம்மாவும் சிரித்துவிட்டாள். அந்த வீட்டில் எல்லோரும் சேர்ந்து சிரித்தது அதுதான் கடைசி.

தொட்டிகளைக் காலி செய்வது என்று முடிவானது. நல்ல தாய்ச்செடிகளை மட்டும் எடுத்து, சலவைக்குப் போடும் பிளீச் திரவத்தைத் தண்ணீரில் நிறையக் கரைத்து, அதில் கொஞ்ச நேரம் முக்கி எடுத்து, நல்ல தண்ணீரில் அலசித் தனியாக வைக்க வேண்டும். தொட்டிகளையும் அதே திரவத்தால் துடைத்து, கழுவி, வெயிலில் கவிழ்க்க வேண்டும். எழுதியும் அனுப்பினேன், போனிலும் சொன்னேன். செடிகளைச் சனிக்கிழமை நானே இருந்து முக்கி எடுத்தேன். தொட்டிகள் மீதி இருந்தன. அடுத்த வாரம் ஞாயிறு வந்து பார்த்துக்கொள்ளலாம் என்றேன்.

மச்சான் ஞாயிறுவரை காத்திருக்கவில்லை. ஃபவுண்டரிக்குப் போக வேண்டிவருமோ என்ற யோசனை அவரை உட்கார விடவில்லை என்று அக்கா சொல்கிறாள். நடந்ததையெல்லாம் அம்மா சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும்.

நான் கொடுத்த திரவம் தீர்ந்துவிட்டது. கடையில் பிளீச்சிங் பவுடர்தான் இருந்தது. சாக்கடை ஓரம் பஞ்சாயத்தில் தூவுகிற அதே பவுடர். அவருக்குத் தெரியாத பொருளில்லை. தொட்டிச் சுவர்களில் உப்புத் தண்ணீர் வெள்ளையாகக் கட்டியிருந்தது, விரல் கனத்துக்கு. அந்த உப்புக்கு இடுக்கில் ஒரு பாசி ஒளிந்திருந்தால் என்ன செய்வது என்று நினைத்தார். உப்பை எடுக்க எங்கள் பக்கம் எல்லா வீட்டிலும் ஒன்றுதான் செய்வார்கள்: பாத்ரூம் கழுவுகிற ஆசிட்டை ஊற்றித் தேய்ப்பது. வாயில் துண்டைக் கட்டிக்கொண்டு, வலையின் ஒரு பக்கத்தை அவிழ்த்துவிட்டு, முதல் தொட்டியில் ஆசிட் ஊற்றித் தேய்த்தார். உப்பு பொங்கி உதிர்ந்தது. நெடி பிடிக்காமல் வெளியே வந்து வந்து நின்றார். அதிலெல்லாம் கவனமாகத்தான் இருந்திருக்கிறார்.

அம்மா குடத்தோடு போனாள். "கழுவி உட்டரட்டுங்களா மாப்பிள்ளைங்க?"

"வேண்டாங்க அத்தை. இப்ப பவுடர் போட்டு மறுக்கா தேய்க்கோணும். அப்பறமா ஒரே அடியாக் கழுவிக்கலாம். ரெண்டு தடவை எதுக்குங்க தண்ணிய மண்ணுல ஊத்தறது? உங்களுக்கு மனசு ஆவாது, எனக்குத் தெரியுமுங்க."

இதை அம்மா எங்களிடம் பல தடவை சொல்லியிருக்கிறாள். ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில் நிறுத்துவாள். "எனக்காகச் சொன்னாருன்னு சந்தோசப்பட்டுட்டேன் சாமி. என்ற மனசு தெரிஞ்சு ஒருத்தரு பேசுனாரேன்னு குடத்தத் தூக்கிட்டுத் திரும்பி வந்துட்டேன்."

தொட்டியின் அடியில் ஆசிட் தேங்கியிருந்தது. அவர் பவுடர் மூட்டையைச் சாய்த்து, அடிவரை படட்டும் என்று தலையை உள்ளே விட்டுக் குனிந்தார்.

சீறுகிற சத்தம் கேட்டதாம். அம்மா திரும்பிப் பார்க்கும்போது தொட்டியிலிருந்து மஞ்சளும் பச்சையுமாகப் புகை வழிந்துகொண்டிருந்தது. மச்சான் தொட்டி விளிம்பைப் பிடித்தபடி மண்டியிட்டிருந்தார். அம்மா உள்ளே போய் அவரைக் கக்கத்தில் கை கொடுத்து இழுத்து வந்தாள். மருமகனைத் தொட்டறியாத மாமியார். அவள் கண்களும் எரிந்தன, தொண்டை அடைத்தது, ஆனாலும் வாசல்வரை இழுத்து வந்துதான் கீழே உட்கார்ந்தாள். பக்கத்துத் தோட்டத்துக்காரர் ஆம்னி வேனில் இரண்டு பேரையும் ஏற்றிக்கொண்டு போனார்.

நான் போய்ச் சேர்ந்தபோது அவர் முகத்தில் மாஸ்க் இருந்தது. சின்ன வயது டாக்டர் ஒருவர் வெளியே வந்து, "என்னென்ன கலந்தாங்க?" என்று கேட்டார். சொன்னேன். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும் என்பதையும் சேர்த்தே சொன்னேன். பள்ளிக்கூடத்தில் படித்தது நினைவிருந்தது.

அவர் என்னைப் பார்த்தார். "நீங்க படிச்சிருக்கீங்களா?"

"ஆமாங்க."

அவர் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார்.

நாங்கள் ஆஸ்பத்திரியிலேயே இருந்தோம். அக்கா கம்பெனிக்குப் போகவில்லை. அம்மாவை ஒரே நாளில் அனுப்பிவிட்டார்கள், ஆனால் அவள் வீட்டுக்குப் போகாமல் கீழே வண்டி நிறுத்துகிற இடத்தில் உட்கார்ந்திருந்தாள். மேலே வா என்றால் வரமாட்டாள். "நான் எந்த மூஞ்சிய வெச்சுட்டு அவர் முன்னால போய் நிக்கறது?" என்பாள். மச்சானுக்கு ஒரு நாள் நன்றாக இருக்கும், மறுநாள் மறுபடி குழாய் வைப்பார்கள். நல்ல நெஞ்சாக இருந்திருந்தால் தேறி வந்திருப்பார் என்றார் பெரிய டாக்டர். ஏற்கெனவே மணல் உட்கார்ந்த நெஞ்சு. இன்னொரு அடி தாங்காது என்று சொன்னார்களே, அந்த அடி இதுதான்.

நடுவில் ஒருநாள் துணி எடுக்க வீட்டுக்குப் போனேன். பந்தலுக்குள் போய்ப் பார்த்தேன். தனியாக எடுத்து வைத்திருந்த தாய்ச்செடிகள் கவனிக்க ஆளில்லாமல், மூடியிருந்த டப்பாவுக்குள் வெந்து கூழாகியிருந்தன. மற்ற தொட்டிகளில் தண்ணீர் வற்றி, அடியில் காய்ந்த பாசி பழுப்புப் பொடியாக ஒட்டியிருந்தது. உள்ளங்கையில் தேய்த்தால் தூசியாகப் பறந்தது. ஒரு தொட்டியிலும் உயிரோடு ஒரு பச்சைப் புள்ளி இல்லை. நான் எல்லாத் தொட்டியிலும் குனிந்து, ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஏன் பார்த்தேன் என்று தெரியவில்லை.

மச்சான் வீட்டுக்கு வந்தார். கூடவே ஆக்ஸிஜன் மெஷின் வந்தது. அது கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்கும். அதிலிருந்து வரும் காற்று ஒரு பாட்டில் தண்ணீர் வழியாகக் குமிழி விட்டு, குழாய் வழியாக அவர் மூக்குக்குப் போகும். குமிழிச் சத்தம் இரவும் பகலும் இருக்கும். என் அறைத் தொட்டியில் ஓடும் காற்று மோட்டாரின் அதே சத்தத்தோடு பல வருடம் தூங்கியவன் நான். அறைக்குத் திரும்பியதும் என் தொட்டியை யாருக்கோ கொடுத்துவிட்டேன்.

"பாத்தீங்களா காலேஜு" என்றார் மச்சான், மூச்சை நிறுத்தி நிறுத்தி. "இப்ப நானே மீனாட்ட ஆயிட்டனுங்க. காத்து உட்டாத்தான் உசுரு."

நான் சிரிக்கவில்லை. "சிரிங்க, உங்களுக்குத்தான் சொன்னேன்" என்றார்.

பாய் சாத்துக்குடி வாங்கிக்கொண்டு வந்தார். நின்றுகொண்டே இருந்தார். மச்சான்தான் உட்காரச் சொன்னார். பேச்சு எங்கெங்கோ போய்விட்டு நின்றபோது மச்சான் சொன்னார்: "சுத்தமாயிருச்சுங்க பாய். ஒண்ணுகூட இல்ல. காலேஜு பாத்துட்டாரு. வண்டி வருமுங்களா?"

கேலியா, உண்மையாகவே கேட்டாரா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. பாய் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். போகும்போது பந்தல் பக்கம் திரும்பாமல் போனார்.

அந்த மெஷின் பாட்டிலில் தினமும் பழைய தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீர் ஊற்ற வேண்டும். நர்ஸ் அதை அக்காவுக்குத்தான் சொல்லிக் கொடுத்தார். ஆனால் அம்மா அதைத் தன் வேலையாக எடுத்துக்கொண்டாள். மற்றபடி அவர் இருக்கும் அறைக்குள் அவள் வருவதில்லை. இதற்கு மட்டும் வருவாள். மச்சான் அவளைப் பார்த்து, "வாங்கத்தை" என்பார். அவள் தலையை ஆட்டுவாள்.

போன மாதம் ஒறம்பரைப் பெண் ஒருத்தி பார்க்க வந்தாள், மருமகன் வீட்டுச் சோற்றைப் பற்றிச் சொன்ன அதே பெண். கட்டிலைப் பார்த்தாள், மெஷினைப் பார்த்தாள், கரண்ட் போனால் ஓடுவதற்கு வாங்கி வைத்திருந்த பேட்டரியைப் பார்த்தாள். அம்மா பாட்டிலை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். மண்ணில் ஊற்றினாள். இப்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொள்வதில்லை; கடைசிச் சொட்டு விழும்வரை பார்த்துக்கொண்டுதான் ஊற்றுகிறாள்.

"ஏனம்மிணி," என்று அந்தப் பெண் அக்காவிடம் கேட்டாள், "ஆஸ்பத்திரி, மெசினு, அந்தப் பாசிக்குச் செலவழிச்சது, அல்லாஞ் சேத்து எவ்வளவுதான் ஆச்சு?"

அக்கா சாத்துக்குடியை உரித்துக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை.

"மூணு லட்சத்தி எழுபத்தெட்டாயிரத்து நானூறுங்க."